லிஃப்ட் செய்த ஜிப்சி: 60 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் உதறுகிறது

மிளகுக்கொடி (நாமக்கல்):

வணக்கம். என்னிடம் இருப்பது 2007 மாடல் மாருதி ஜிப்சி கிங் ஜீப், ஹார்டு டாப். கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் மிளகுத் தோட்டம் இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் டிராக்டர் ஓடி ஓடி நடுவில் மேடு கட்டிவிடும், வண்டியின் அடிப்பக்கம் தட்டும். அதற்காகத்தான் தை மாதம் வண்டியை 2 அங்குலம் உயர்த்தி லிஃப்ட் செய்தேன். நான்கு பக்கமும் நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் தகடு), முன்னும் பின்னும் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதல், டயர் 235/75 ஆர் 15. முன்பு இருந்தது 205/70.

மண்பாதையில் இப்போது எந்தக் குறையும் இல்லை. தார்ச்சாலையில்தான் பயமாக இருக்கிறது.

சேலம் நெடுஞ்சாலையில் 60, 65இல் போகும்போது பாலத்து இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கினால் போதும், ஸ்டியரிங் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கிறது. வேகத்தை 30க்குக் கொண்டுவந்தால்தான் நிற்கிறது. உதறல் இல்லாத நேரத்திலும் வண்டி நேராகப் போவதில்லை, கை சும்மா இருக்க முடியாது. அழுத்திப் பிரேக் போட்டால் மூக்கு இடப்பக்கம் போகிறது. கொண்டை ஊசி வளைவில் திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, நான்தான் இழுத்து நேராக்க வேண்டும். காரவள்ளியிலிருந்து மேலே 70 வளைவு, கை ஓய்ந்துவிடுகிறது.

லிஃப்ட் செய்த பட்டறையில் சொன்னேன். ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் டேம்பரைப் புதிதாகப் போட்டார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி. அலைன்மெண்ட் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது, இரண்டு இடத்திலும் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். போன வாரம் அம்மா முன்சீட்டில் இருக்கும்போது ராசிபுரம் அருகே உதறியது. அன்றிலிருந்து வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்கவில்லை. எங்கிருந்து தேடுவது என்று யாராவது சொல்லுங்கள்.


நாலுசக்கர இழுவை (சேலம்):

முதலில் காற்றைப் பாருங்கள் நண்பரே. ஜிப்சி ஏறக்குறைய ஒரு டன் எடைதான் உள்ள வண்டி. பெரிய டயர் போட்டுவிட்டு 35 அடித்தால் டயர் பந்து மாதிரி நடுவில் மட்டும் தரையைத் தொடும். நான் 235க்கு முன்னால் 24, பின்னால் 26 வைக்கிறேன். பேலன்சிங்கும் புதிதாகச் செய்யுங்கள். மண்பாதையில் ஓடும் வண்டியில் ரிம்மின் உட்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும், அதுவே கால் கிலோ வரும். அதற்கும் அடங்கவில்லை என்றால் இரட்டை டேம்பர் கிட் இருக்கிறது.


பட்டறைப் பழக்கம் (சங்ககிரி):

தம்பி, இரட்டை டேம்பர் வேண்டாம். ஒரு டேம்பர் மூன்று வாரத்தில் தோற்றது என்றால், அதற்குப் பின்னால் ஏதோ ஓர் இணைப்பு ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டேம்பர் அந்த ஆட்டத்தை உங்கள் கைக்குத் தெரியாமல் மறைக்கும். ஆட்டம் வளர்ந்துகொண்டே இருக்கும். காற்றும் பேலன்சிங்கும் பற்றிச் சொன்னது சரியான யோசனை, இன்றைக்கே செய்யுங்கள்.

நான் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன். 1998 ஜிப்சி ஒன்று பல வருடமாக என்னிடம் இருக்கிறது. என் மேஸ்திரி ஒன்று சொல்லுவார்: "வண்டிக்காரன் சொல்ற வியாதி எத்தனைன்னு எண்ணு, அத்தனைக்கும் ஒரே மருந்துன்னு எவனாவது சொன்னா நம்பாதே." நீங்கள் நான்கு சொல்லியிருக்கிறீர்கள். உதறல், அலைச்சல், பிரேக்கில் இழுப்பு, ஸ்டியரிங் திரும்பி வராதது. நான்குக்கும் மூலம் ஒரே லிஃப்டாக இருக்கலாம், ஆனால் நான்கும் ஒரே கோளாறு இல்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அலைச்சலும் திரும்பி வராததும் பெரும்பாலும் கேஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு. சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், ஹேண்டில் தண்டு மேலே பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜிப்சியில் முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணிகளான மேல் கிங் பின்னையும் கீழ்க் கிங் பின்னையும் இணைத்து ஒரு கோடு போட்டால் அதுவும் அப்படித்தான் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். என் வண்டி கம்பெனி கொடுத்தபடியே ஸ்டாக்கில் இருந்தபோது மூன்றரை டிகிரி காட்டியது.

இப்போது உங்கள் ஷேக்கிளுக்கு வாருங்கள். ஜிப்சியின் முன்பட்டையில் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. பின்முனை சேசிஸோடு நிலையாகப் பூட்டப்பட்டது. ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் பட்டையின் முன்முனை மட்டும் 2 அங்குலம் கீழே இறங்கும். நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிலுக்கு அதில் பாதி, ஒரு அங்குலம்தான் உயரம் கிடைக்கும். மிச்சம் என்ன ஆகிறது? பட்டை முன்னால் குப்புறச் சாய்கிறது, அதோடு ஆக்சிலும் சாய்கிறது. பட்டை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், முனை 5 செ.மீ. இறங்குகிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று டிகிரி. மூன்றரையில் மூன்று போனால் என்ன மிச்சம் இருக்கும் என்று நீங்களே பாருங்கள். ஒரு அங்குல உயரத்துக்கு வண்டி கொடுத்த விலை இது.

அலைன்மெண்ட் கடையில் "சரி" என்று சொன்னதிலும் பொய் இல்லை. இந்த மாதிரி முழு ஆக்சில் வண்டியில் அவர்கள் இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைத் திருகி டோவை, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவை, மட்டும்தான் மாற்ற முடியும். கேஸ்டரை மாற்ற அங்கே ஒரு போல்ட்டும் கிடையாது, அதனால் அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. கையில் பிரிண்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், கேஸ்டர் என்ற வரி அதில் இருக்கும்.

பிரிண்ட் இல்லை என்றால் போனில் லெவல் ஆப் போதும். வண்டியை மட்டமான சிமெண்ட் தரையில் சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். முதலில் தரையையே அளந்து வையுங்கள், அதைக் கழிக்க வேண்டும். கிங் பின்னின் மேல்மூடியில், போல்ட்டுகளுக்கு நடுவே தட்டையான இரும்புத் துண்டை வைத்து, அதன் மேல் போனை முன்பின் வாட்டத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உதறல். இது வேறு கதை. எங்கேயோ இடைவெளி இருக்கிறது. பாலத்து இணைப்பு அதைத் தட்டி எழுப்புகிறது, கனமான டயர் அதைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறது. உங்கள் டயர் பழையதைவிட 6 செ.மீ.க்கு மேல் உயரம். முன்பு சின்ன டயர் மன்னித்த ஆட்டத்தை இது மன்னிக்காது. அதனால் லிஃப்டுக்கு முன்பே இருந்த தேய்மானம்கூட இப்போதுதான் வெளியே வந்திருக்கலாம்.

இதைத் தேடக் கண் போதாது, கை வேண்டும். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை நான்கு விரல் அளவுக்கு இடமும் வலமும் விடாமல் ஆட்டட்டும். நீங்கள் அடியில் படுத்து மேலிருந்து வரிசையாக வாருங்கள்: ஸ்டியரிங் தண்டின் கப்ளிங், ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து வரும் பிட்மேன் கை, அந்தக் கையின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் ராட் (drag rod) இரண்டு முனை, டை ராட் இரண்டு முனை. ஒவ்வொரு இணைப்பிலும் பாதி விரல் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் இருக்கும்படி கையை வையுங்கள். இரண்டு பாகமும் ஒன்றாக நகர்ந்தால் நல்லது. ஒன்று முதலில் நகர்ந்து மற்றது பின்னால் வந்தால் விரல் உடனே சொல்லிவிடும். பாக்ஸ் சேசிஸில் உட்காரும் இடத்தைச் சுற்றித் துணியால் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயர் போட்ட வண்டியில் இதை விடவே கூடாது.

பிறகு ஜாக்கியில் ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் அது வீல் பேரிங்கா, கிங் பின் பேரிங்கா என்று குழப்பம் வரும். உள்ளே ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். முன்னால் டிஸ்க் பிரேக் இருப்பதால், அழுத்தினால் சக்கரமும் அதைத் தாங்கித் திருப்பும் நக்கிளும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின். இந்த ஒரு சோதனையைப் பட்டறைகளில்கூடப் பலர் செய்வதில்லை, வீல் பேரிங்கை மாற்றிக் காசு வாங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

பாக்ஸின் மேல் ஒரு திருகு இருக்கிறது, அதை இறுக்கினால் ஸ்டியரிங் ஆட்டம் குறையும். யாராவது முதல் நாளே அதில் ஸ்பானர் வைத்தால் தடுத்துவிடுங்கள். மற்ற எல்லாம் பார்த்த பிறகு, கடைசியாக, சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் தொட வேண்டிய இடம் அது. அதிகம் இறுக்கினால் பாக்ஸ் உள்ளே தேய்ந்துவிடும், ஸ்டியரிங் திரும்பி வருவதும் நின்றுவிடும்.

பிரேக்கில் இழுப்புக்கு ஒரு சுலபமான சோதனை. என்ஜின் ஆஃப், ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கக் கூடாது. இரண்டு பேர் முன் பம்பரில் ஏறி மேலும் கீழும் குதியுங்கள். ஸ்டியரிங் வீல் தானாகத் திரும்புகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். திரும்பினால், பிரேக்கைக் குறை சொல்லும் முன் டிராக் ராடைப் பார்க்க வேண்டும். பாக்ஸ் சேசிஸோடு மேலே போய்விட்டது, ஆக்சில் கீழேயே நிற்கிறது, நடுவில் டிராக் ராட் ஏணி மாதிரி சரிந்துவிட்டது. பிரேக் போட்டால் மூக்கு அமுங்கும், சரிந்த ராட் மட்டமாகும், மட்டமாகும்போது அது சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளும்.

எதையும் வாங்காதீர்கள். முதலில் அளந்து வந்து எழுதுங்கள். அதுவரை எங்கேயாவது உதறல் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நிதானமாகப் பிடித்து, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள்.


மிளகுக்கொடி:

அண்ணா, ரொம்ப நன்றி. ஞாயிறு முழுக்க இதே வேலை. தம்பியும் பக்கத்து வீட்டுப் பையனும் உதவினார்கள்.

அலைன்மெண்ட் பிரிண்டைத் தேடி எடுத்தேன். கேஸ்டர் இடம் 0.4, வலம் 0.7. சிவப்பில்தான் அச்சாகியிருக்கிறது, இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை. போனில் அளந்தது இடம் 0.6, வலம் 0.9.

டை ராட், டிராக் ராட் முனைகளில் ஆட்டம் தெரியவில்லை. சேசிஸில் விரிசல் இல்லை. டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினால் வலப்பக்கம் அசைவில்லை, இடப்பக்கம் "டக் டக்" என்கிறது. பிரேக் அழுத்திய பிறகும் அதே சத்தம். அப்படியானால் கிங் பின்தானே?

பம்பரில் குதித்தபோது ஸ்டியரிங் வீல் நன்றாகவே திரும்பியது. நேரில் பார்த்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. காற்று 34 இருந்தது, 25க்கு இறக்கிவிட்டேன்.

கேஸ்டருக்குப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மூன்று டிகிரி ஆப்பு ஷிம் (சரிவான தகடு) போடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். போடலாமா?


காட்டுவழி (பொள்ளாச்சி):

ஷிம் போட்ட வண்டி என்னுடையது, அதனால் சொல்கிறேன். அலைச்சல் போய்விடும், அது நிச்சயம். ஆனால் ஆக்சிலைத் திருப்பினால் கிங் பின் மட்டுமா திரும்பும், புரொப்பெல்லர் ஷாப்ட் வந்து சேரும் பினியனும் சேர்ந்து கீழே பார்க்கும். முன் புரொப்பெல்லர் ஷாப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட் அதிகமாக மடங்கும். முன்சக்கர ஹப்பைப் பூட்டிக்கொண்டு ஓட்டும்போது எனக்கு ஒரு அதிர்வு வந்தது. மூன்று டிகிரி பரவாயில்லை, ஆறு ஏழு என்று போனால் பிரச்சினை. கேஸ்டர் அளவுக்கு மீறினாலும் உதறல் வரும், அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. பின்பக்கமும் நீட்டியிருக்கிறீர்கள். பின்பக்கம் உயர்ந்தால் சேசிஸ் மொத்தமும் முன்னால் குனியும், கேஸ்டர் அதிலும் போகும். ஜிப்சியின் வீல்பேஸ் 2,375 மி.மீ. பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு அங்குலம் கூடுதலாக நின்றால் அரை டிகிரிக்குச் சற்று மேலே. சின்ன எண்தான், ஆனால் உங்களிடம் இருப்பதே அரை டிகிரிதானே.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் இந்தக் கேள்வி எழும்.


பட்டறைப் பழக்கம்:

ஆமாம் தம்பி, கிங் பின் பேரிங். பக்கத்துக்கு மேலொன்று கீழொன்று என்று இரண்டு. இடப்பக்கம் இரண்டையும் மாற்றுங்கள், திறக்கும்போதே வலப்பக்கமும் பார்த்துவிடுங்கள். கூடவே நக்கிள் சீலும் புதிது. பேரிங்கை மாற்றினால் அதன் வெளி வளையமான கப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழைய கப்பில் புது பேரிங் உட்கார வைத்தால் காசு வீண். பேரிங்கின் இறுக்கம் கிங் பின் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் தகட்டில் இருக்கிறது: தகடு எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிள் கையில் மீன் கடைத் தராசு மாதிரி கொக்கித் தராசை மாட்டி இழுங்கள். சீல் போடுவதற்கு முன் இழுத்தபோது என் வண்டி ஒன்றரை கிலோவில் நகர்ந்தது. கை உணர்வை மட்டும் நம்பி இறுக்காதீர்கள்.

ஆப்பு ஷிம் போடுவதானால் இரும்பு ஷிம், அலுமினியம் வேண்டாம், நசுங்கி வெடிக்கும். ஜிப்சியில் ஆக்சில் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, எனவே தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றிய வண்டியில் இது தலைகீழ். தப்பான பக்கம் போட்டு இருந்த கேஸ்டரையும் தொலைத்த வண்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் ஷிம் கனத்துக்கு ஏற்ப நீளமாக இருக்க வேண்டும். அதன் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் உட்காராவிட்டால் ஆக்சிலே நகரும்.

ஆனால் நீங்கள் என் சொந்தத் தம்பியாக இருந்தால் ஷிம் போடச் சொல்லமாட்டேன். நீளமான ஷேக்கிளைக் கழற்றிப் பழையதை மாட்டு என்பேன். ஷிம் கேஸ்டரை மட்டும் திருப்பித் தரும். டிராக் ராட் சரிந்தபடியேதான் இருக்கும், பிரேக்கில் இழுப்பு போகாது. நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டிலும் ஆடும், நேர் ஓட்டத்தில் அதுவும் ஒரு தொந்தரவு. பழைய ஷேக்கிள் போட்டால் ஒரு அங்குலம் போகும், கூடுதல் பட்டை தந்த ஒரு அங்குலம் இருக்கும். மண்மேடு தட்டுவது ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, ஷேக்கிளை எவ்வளவு நீட்டினாலும் உருண்டை ஓர் இம்மிகூட உயராது. ஒருமுறை அடியில் படுத்து எந்த இடத்தில் மண் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

டிராக் ராடைச் சூடு காட்டி வளைத்துத் தருகிறேன், வெட்டி வெல்டு வைத்துத் தருகிறேன் என்று லேத்தில் யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஸ்டியரிங் பாகத்தில் அந்த வேலை கூடவே கூடாது. மலையில் இறங்கும்போது அந்த ஒரு ராட்தான் உங்களையும் சக்கரத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது.


மிளகுக்கொடி:

அண்ணா, அடியில் படுத்துப் பார்த்தேன். தேய்ந்திருப்பது டிஃபரன்ஷியல் உருண்டையின் அடி மட்டும். சேசிஸில் ஒரு கீறல்கூட இல்லை. ஷேக்கிளுக்குச் செலவு செய்தது எதற்கென்றே தெரியவில்லை.

நான்கு பக்கமும் பழைய ஷேக்கிள் போட்டுவிட்டேன், புஷ் மட்டும் புதிது. நாமக்கல்லில் லாரிப் பட்டை வேலை செய்யும் ஒரு மேஸ்திரியிடம் கொடுத்தேன், அரை நாளில் முடித்தார். 235 டயர் முழுத் திருப்பத்தில் பட்டையில் உரசுவதால் 215/75க்கு மாறிவிட்டேன். அதுவே பழையதைவிட 3.5 செ.மீ. உயரம், உருண்டைக்கு அதில் பாதி கிடைத்திருக்கிறது.

இடப்பக்கம் கீழ் பேரிங்கைத் திறந்ததும் மேஸ்திரி ஒன்றும் பேசாமல் என் கையில் கொடுத்தார். சீல் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. கிரீஸ் காப்பி நிறத்தில் சேறாகக் கிடந்தது. கப்பில் ஒவ்வொரு ரோலரும் உட்கார்ந்த இடத்தில் பள்ளம், விரல் நகத்தை ஓட்டினால் படிப்படியாகத் தட்டுகிறது. சக்கரம் நேராக இருக்கும் நிலையில்தான் அந்தப் பள்ளங்கள். வலப்பக்கம் நன்றாக இருந்தது, கிரீஸ் மட்டும் மாற்றினோம். கொக்கித் தராசில் 1.4 கிலோ.

கேஸ்டர் இப்போது இடம் 3.2, வலம் 3.4. டோவை மறுபடி வைத்தோம். டேம்பர் இல்லாமலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. அதே ராசிபுரம் பாலம், 60, 70, 75 என்று மூன்று முறை. ஒரு அசைவும் இல்லை. நான்காவது முறை டேம்பரை மாட்டிக்கொண்டு போனோம், வித்தியாசம் தெரியவில்லை.

கொண்டை ஊசியில் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. முன்பைவிடக் கொஞ்சம் கனம், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்பதால் நிற்கும்போது தெரிகிறது. பிரேக்கில் இழுப்பு முழுதாகப் போகவில்லை, ஓங்கி மிதித்தால் மட்டும் லேசாக இடப்பக்கம். பம்பரில் குதித்தபோது ஸ்டியரிங் வீல் முன்பு திரும்பியதில் பாதிகூட இல்லை. இதை இப்படியே விடலாமா?


பட்டறைப் பழக்கம்:

கூடுதல் பட்டை இருக்கும்வரை அந்தக் கொஞ்சம் இருக்கும், அது டிராக் ராடின் மிச்சச் சரிவு. ஆனாலும் இரண்டு முன் பிரேக் காலிப்பரும் தடையில்லாமல் நகர்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், இடப்பக்கம் தண்ணீர் போன வண்டி. 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் எட்டையும் மறுபடி இறுக்குங்கள். வண்டி தரையில் நிற்கும்போது, குறுக்கு மறுக்காக. ஷேக்கிள் போல்ட்டுகளும் அப்படித்தான், ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புது புஷ் முறுக்கிக் கிழிந்துவிடும்.


மிளகுக்கொடி:

ஷேக்கிள் போல்ட்டை ஜாக்கியில் வைத்துத்தான் இறுக்கினோம் அண்ணா. நாளைக் காலையில் முதல் வேலையாகத் தளர்த்தி, வண்டியைத் தரையில் வைத்து இறுக்கிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சேலம் போக வேண்டும்.